'அந்த நாள்': எழுந்து போனவர்களும் இருந்து பார்த்தவர்களும்

(வானொலி இலக்கியத் தொடரில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



ஒரு கொலைப் படத்தைப் பற்றி இலக்கியத் தொடரில் பேசத்தான் வேண்டுமா என்று நண்பர் ஒருவர் கேட்டார். சிலப்பதிகாரத்திலும் ஒரு கொலை இருக்கிறது. ஷேக்ஸ்பியரில் எத்தனை கொலைகள் என்று எண்ணப் புகுந்தால் எனக்கு ஒதுக்கிய நேரம் முடிந்துவிடும். கொலை இருப்பதால் ஒரு படைப்பு தாழ்ந்துவிடுவதில்லை. கொலையை வைத்துக்கொண்டு அது எதைக் கேட்கிறது என்பதே பார்க்க வேண்டியது. ஆகவே, 1954ஆம் ஆண்டு ஏப்ரல் 13ஆம் திகதி, சித்திரைப் புத்தாண்டை ஒட்டி வெளிவந்த 'அந்த நாள்' என்ற திரைப்படத்தை இன்றைய உரைக்கு எடுத்துக்கொண்டேன். அதிலும் படத்தைவிட அதைப் பார்த்தவர்களின் அபிப்பிராயங்களைப் பற்றியே அதிகம் சொல்ல விரும்புகிறேன். தமிழில் ஒரு படம் இரண்டு விதமான ரசிகர்களை இவ்வளவு தெளிவாகப் பிரித்துக் காட்டியது அபூர்வம்.

படத்தைப் பாராதவர்களுக்காகச் சில தகவல்கள். தயாரித்தவர் ஏவி. மெய்யப்பச் செட்டியார். கதையும் இயக்கமும் எஸ். பாலசந்தர். வீணை பாலசந்தர் என்று நாம் அறிந்த அதே இசைமேதைதான். திரைக்கதையும் வசனமும் ஜாவர் சீதாராமன். 'உடல் பொருள் ஆனந்தி' என்ற தொடர்கதையைப் படித்தவர்களுக்கு இவரை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. படத்தில் துப்பறியும் அதிகாரி சிவானந்தமாக நடித்தவரும் அவரே. சிவாஜி கணேசன் கதாநாயகன், பண்டரிபாய் கதாநாயகி. பாட்டு இல்லை, நடனம் இல்லை, சண்டைக்காட்சி இல்லை. தமிழில் அப்படி வந்த முதற் பேசும்படம் இதுதான்.

1943 ஒக்டோபர் 11ஆம் திகதி இரவு சென்னைமீது ஜப்பானிய விமானம் ஒன்று குண்டு வீசியது. பெரிய சேதம் ஏதுமில்லை என்றாலும் நகரமே கலங்கிப் போயிற்று. அந்தப் பின்னணியில், ராஜன் என்ற வானொலி எஞ்சினியர் தன் வீட்டில் சுட்டுக் கொல்லப்பட்டுக் கிடக்கிறான். பொலிஸ் வருகிறது. விசாரணை தொடங்குகிறது. மனைவி, தம்பி, தம்பி மனைவி, ராஜனோடு தொடர்பு வைத்திருந்த ஒரு பெண், அயல்வீட்டுக்காரர் என்று ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள். ஒருவர் இன்னொருவரைச் சுட்டுகிறார். சுட்டப்பட்டவர் வேறொருவரைச் சுட்டுகிறார். நான் விரலால் சுட்டுவதைச் சொல்கிறேன். துவக்கால் சுட்டது யார் என்பது கடைசியில்தான் தெரியவரும்.

இனி, எழுந்து போனவர்களைப் பார்ப்போம்.

படம் வெளியானபோது பாட்டு எங்கே என்று கேட்டு இடைநடுவில் எழுந்து போனவர்கள் பலர். வர்த்தக ரீதியில் படம் தோல்வி. இரண்டாவது தேசிய திரைப்பட விருதுகளில் இதற்கு நற்சான்றிதழ் கிடைத்தது. அந்த ஆண்டு தமிழில் வெள்ளிப்பதக்கம் பெற்றது எம்.ஜி.ஆரின் 'மலைக்கள்ளன்'. விருதின் பின்னர் 'அந்த நாள்' மறுபடி திரைக்கு வந்தபோது முன்னையதிலும் நன்றாக ஏற்கப்பட்டது என்பர். இந்த வரலாற்றைச் சொல்பவர்கள் எல்லோரும், எழுந்து போனவர்களை ஏதோ ரசனை கெட்ட கூட்டம் என்பதுபோலச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை.

அந்த மனிதர்களின் பக்கத்தில் இருந்து சற்று யோசிப்போம். 1944இல் வெளிவந்த 'ஹரிதாஸ்' மூன்று தீபாவளிகளைக் கண்டது. எதனால்? தியாகராஜ பாகவதரின் பாட்டால். அன்றைய ரசிகர்களுக்குப் படம் என்பது கண்ணால் பார்த்து முடித்துவிடும் சங்கதியன்று. பாட்டாக வீட்டுக்குக் கொண்டுபோவது. தியேட்டர் வாசலில் பாட்டுப் புத்தகம் விற்பார்கள். படத்தின் கதை மறந்து போனபின்னும் அந்தப் புத்தகம் வீட்டில் கிடக்கும். கொடுத்த காசுக்குக் கையில் மிஞ்சுவது அதுதான். 'அந்த நாள்' பார்த்துவிட்டு வந்தவனிடம் என்ன மிஞ்சியது? கொலையாளி யார் என்ற ஒரு விடை. அதையும் வெளியே சொல்லக்கூடாது!

இன்னொன்றும் உண்டு. 'அந்த நாள்' வருவதற்கு ஆறு வாரத்துக்கு முன், 1954 மார்ச் 3ஆம் திகதி 'மனோகரா' வெளியாகியிருந்தது. சங்கிலியால் பிணைக்கப்பட்ட சிவாஜி சபையிலே முழங்கிய முழக்கம் அந்த ரசிகர்களின் காதைவிட்டு இன்னும் அகலவில்லை. அதே சிவாஜியைப் பார்க்க ஆவலோடு வந்து உட்காருகிறார்கள். திரை விலகிய சற்று நேரத்திலேயே அவர் சுடப்பட்டு விழுந்து செத்துப் போகிறார். அதன்பின் அவர் வருவதெல்லாம் மற்றவர்களின் வாய்மொழியில்தான். அங்கும் நல்லவராக வரவில்லை. தம்பிக்குச் சொத்தில் பங்கு கொடுக்க மறுப்பவராக வருகிறார், வேறொரு பெண்ணை நாடுபவராக வருகிறார். ஒரு ரசிகன் எத்தனை ஏமாற்றங்களைத்தான் ஒரே மாலையில் தாங்குவான்?

தமிழருக்குத் துப்பறியும் கதை புதிதல்ல என்று நீங்கள் கேட்கலாம். உண்மைதான். ஆரணி குப்புசாமி முதலியாரும் வடுவூர் துரைசாமி ஐயங்காரும் எழுதிக் குவித்த மர்ம நாவல்களை நம் பாட்டன்மார் விளக்கு வெளிச்சத்தில் படித்திருக்கிறார்கள். தேவனின் 'துப்பறியும் சாம்பு'வுக்கு மயங்காத வீடில்லை. ஆனால் நாவலைத் தனியே இருந்து படிக்கிறோம். சந்தேகம் வந்தால் முன்பக்கத்தைப் புரட்டிப் பார்க்கலாம், களைத்தால் மூடி வைக்கலாம். தியேட்டரிலோ நானூறு ஐந்நூறு பேர் கூடியிருந்து ஒரே வேகத்தில் போக வேண்டும். நாலு பேர் சொன்ன நாலு கதைகளையும் மனதில் அடுக்கிக்கொண்டு, எதற்கு எது முரண் என்று கணக்கும் வைக்க வேண்டும். இடையிலே ஒரு பாட்டு வந்தால் அந்த மூளைக்குச் சற்று ஓய்வு. அந்த ஓய்வைத்தான் பாலசந்தர் மறுத்தார். புதுமை செய்தவரைப் பாராட்டும் நாம், புதுமைக்குப் பழக்கப்படாதவனை ஏளனம் செய்யத் தேவையில்லை.

மர்மப் படத்தின் ரசிகர்களை எப்படி வசப்படுத்துவது என்பதை மேல்நாட்டார் வேறு விதமாக அணுகினார்கள். பிரெஞ்சு இயக்குநர் க்ளூஸோ 1955இல் எடுத்த 'லே டயபொலிக்' படத்தின் முடிவில், கதையின் முடிச்சை நண்பர்களிடம் அவிழ்த்துவிடாதீர்கள் என்று திரையிலேயே எழுத்துப் போட்டுக் கேட்டுக்கொண்டார்கள். ஹிட்ச்கொக் இன்னும் ஒரு படி மேலே போனார். 1960இல் 'சைக்கோ' வெளியானபோது, படம் தொடங்கிய பின் எவரையும் உள்ளே விடுவதில்லை என்று தியேட்டர்களில் விதி செய்தார்கள். ஹொலிவூட் ரசிகர் அதுவரை நினைத்த நேரத்தில் உள்ளே போய், பாதியில் இருந்து பார்த்து, அடுத்த காட்சியில் முற்பாதியைப் பார்த்துவிட்டு எழுந்து வரும் பழக்கம் உள்ளவர்கள். அவர்களையே வரிசையில் நிற்கப் பழக்கியது அந்தப் படம்.

அங்கும் எழுந்து போனவர்கள் இருந்தார்கள். லண்டன் 'ஒப்சேர்வர்' பத்திரிகையின் மூத்த விமர்சகர் லெஜூன் அம்மையார் 'சைக்கோ'வை முடியும் வரை இருந்து பாராமலே வெளியேறினார். அவர் பத்திரிகை விமர்சனத்தை விட்டு விலகியதும் அதே ஆண்டுதான். நியூயோர்க் டைம்ஸின் பொஸ்லி க்ரௌதர் முதலில் அரைமனதாக எழுதினார். ஆண்டு முடிவில் அவ்வருடத்துச் சிறந்த பத்துப் படங்களில் அதையும் சேர்த்துக்கொண்டார். அபிப்பிராயம் என்பது கல்லில் வெட்டிய சாசனமல்ல. ஆனால் ஒரு வேறுபாடு. ஹிட்ச்கொக் முதலில் ரசிகனைத் தயார்செய்துவிட்டுத்தான் பயமுறுத்தினார். 'அந்த நாள்' படக்காரர்களோ சொல்லாமற் கொள்ளாமல் ரசிகனின் பாட்டுப் புத்தகத்தைப் பறித்துவிட்டார்கள்.

வானொலியில் பேசும்போது வானொலியைப் பற்றிய ஒரு செய்தியை விட்டுவிட மனமில்லை. ஒரு திரைப்பட விழாவில் குரோசாவாவின் 'ராஷோமொன்' படத்தைப் பார்த்த பாலசந்தர், அதே பாணியில் ஒரு நாடகம் எழுதி அகில இந்திய வானொலிக்குக் கொடுத்தார். நாடகத்துக்கு ஏற்றதல்ல என்று நிராகரித்துவிட்டார்கள். அதன் பிறகே அதை மெய்யப்பச் செட்டியாரிடம் சொன்னார், படமாயிற்று. வானொலி எஞ்சினியர் ஒருவரின் கொலைக் கதையை வானொலியே வேண்டாமென்று திருப்பி அனுப்பியிருக்கிறது. இதைச் சொல்லும்போது இந்த ஒலிபரப்புக் கூடத்தின் கண்ணாடிக்கு அப்பால் இருக்கும் நண்பர் சிரிப்பது எனக்குத் தெரிகிறது.

'ராஷோமொன்' என்ற பெயர் வந்துவிட்டதால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 'அந்த நாள்' ராஷோமொனின் தமிழ் வடிவம் என்று எழுதாத விமர்சகர் குறைவு. அப்படிச் சொல்வது இரண்டு படங்களுக்கும் செய்யும் அநியாயம் என்பது என் கருத்து. அக்குதாகவாவின் சிறுகதைகளை வைத்து 1950இல் எடுக்கப்பட்ட ராஷோமொனில் ஒரு சாமுராய் செத்துக் கிடக்கிறான். கொள்ளைக்காரன் தானே கொன்றதாகச் சொல்கிறான். மனைவி தன் கைக்கத்தியால் நேர்ந்ததுபோலச் சொல்கிறாள். ஆவியாக வந்து பேசும் செத்தவனோ தானே தற்கொலை செய்துகொண்டேன் என்கிறான். கவனியுங்கள், அங்கே ஒவ்வொருவரும் குற்றத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறார்கள். தங்கள் மானத்துக்கு அதுவே உகந்ததாக இருக்கிறது. இறுதிவரை உண்மை எது என்று எவருக்கும் தெரியாது. 'அந்த நாள்' படத்திலோ ஒவ்வொருவரும் குற்றத்தை அடுத்தவர் தலையில் கட்டுகிறார்கள். முடிவில் உண்மை ஐயந்திரிபறத் தெரிந்துவிடுகிறது. அமைப்பைப் பார்த்தால், அன்ரனி அஸ்குவித் 1950இல் இங்கிலாந்தில் எடுத்த 'த வுமன் இன் குவெஸ்சன்' என்ற படத்துக்குத்தான் இது நெருக்கம். அதில் கொலையுண்ட குறிசொல்லும் பெண்ணை ஐந்து பேர் ஐந்து விதமாக நினைவுகூருகிறார்கள். ஜீன் கென்ற் என்ற நடிகை ஐந்து பெண்களாக மாறுகிறார். சிவாஜியும் அப்படித்தான். ஒருவர் கதையில் வரும் ராஜனின் நடை இன்னொருவர் கதையில் இல்லை.

சிவாஜிக்கு முன் வேறு நடிகர்களை வைத்துப் படம்பிடித்துப் பார்த்து, திருப்திப்படாமல் மெய்யப்பச் செட்டியார் மாற்றினாராம். நல்லதுதான் செய்தார். மாருதி ராவின் ஒளிப்பதிவைத் தனியே பேச வேண்டும். மாடிப்படியின் நிழல், மேசை விளக்கின் வெளிச்சம் பாதி முகத்தில் மட்டும் விழுவது, தரையோடு வைத்து மேல்நோக்கிப் பார்க்கும் கமரா என்று அக்காலத் தமிழ்ப் படங்களில் காணாத விதமாக ஒரு வீடு காட்டப்படுகிறது. ராஜாக்களின் அட்டை அரண்மனைகளைப் பார்த்துப் பழகிய கண்களுக்கு ஒரு சாதாரண நடுத்தர வீட்டையே பயங்கரமாக்கிக் காட்டியது சாதனை.

இவ்வளவும் ஏட்டுச் சங்கதி. இனி நான் நேரில் கேட்ட அபிப்பிராயங்களுக்கு வருகிறேன்.

சில மாதங்களுக்கு முன் உறவினர் வீடொன்றில் நாங்கள் ஐந்து பேர் கூடியிருந்து இந்தப் படத்தைப் பார்த்தோம். எண்பத்தைந்து வயதைத் தாண்டிய பெரியம்மா, பல்கலைக்கழகத்தில் படிக்கும் என் பெறாமகள், ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர் ஒருவர், முன்பு றேடியோ திருத்தும் கடை வைத்திருந்த அயலவர், நான். பெரியம்மா படத்தை அந்தக் காலத்திலேயே யாழ்ப்பாணத்தில் பார்த்தவர்.

"பாட்டில்லாத படம் எண்டு எங்களுக்கு ஒருத்தரும் சொல்லேல்லை. பாட்டுப் புத்தகம் வாங்கவெண்டு அண்ணையிட்டைக் காசு கேட்டு வாங்கிக்கொண்டு போனனான். புத்தகமே இல்லையாம். அந்தக் காசுக்குக் கச்சான் வாங்கிச் சாப்பிட்டம்" என்றார். சனம் எழுந்து போனதா என்று கேட்டேன். "கொஞ்சப் பேர் போச்சினம். அண்ணையும் எழும்பினவர்தான். நான்தான் ஆர் சுட்டது எண்டு பாத்திட்டுப் போவம் எண்டு கையைப் பிடிச்சு இருத்தினனான்."

திரைப்பட விமர்சன நூல் எதிலும் இவ்வளவு சுருக்கமாக ஒருவர் மர்மத்தின் கவர்ச்சியைச் சொல்லி நான் படித்ததில்லை.

பெறாமகள் அரை மணித்தியாலத்திலேயே கொலையாளியைக் கண்டுபிடித்துவிட்டாள். எப்படி என்று கேட்டால், "இந்தப் படங்களிலை ஆரைக் கனக்கச் சந்தேகப்படீனமோ அவை செய்திருக்கமாட்டினம், மாமா" என்கிறாள். சிறு வயதிலிருந்தே நூறு மர்மத் தொடர்களைப் பார்த்து வளர்ந்த தலைமுறை. ஹிட்ச்கொக் இதை முன்பே சொல்லியிருக்கிறார். யார் செய்தார் என்று மட்டும் கேட்கும் கதை ஒரு புதிர்தான், அதில் உணர்ச்சிக்கு இடம் குறைவு என்பது அவர் கட்சி. மேசைக்குக் கீழே குண்டு இருப்பது நமக்குத் தெரிந்து, அங்கே இருப்பவர்களுக்குத் தெரியாதிருந்தால்தான் பதற்றம். திடீரென்று வெடித்தால் ஒரு கணத் திகைப்போடு சரி. அப்படியானால் விடையை அறிந்துவிட்ட பிள்ளை கடைசிவரை ஏன் இருந்து பார்த்தாள்? அதற்கும் அவள் பதில் சொன்னாள். "செய்தது ஆர் எண்டு தெரியும். ஏன் எண்டுதான் தெரியேல்லை."

அந்த 'ஏன்' என்பதைப் பற்றிப் பேசாமல் இந்தப் படத்தைப் பற்றிப் பேசிப் பயனில்லை. ஆகவே நேயர்களே, முடிவைச் சொல்லப் போகிறேன். எழுபது ஆண்டு கடந்த படம். இருந்தாலும் பார்க்கும் உத்தேசம் உள்ளவர்கள் வானொலிப் பெட்டியைச் சில நிமிடம் மூடிவைக்கலாம். பத்திரிகையில் படிப்பவர்கள் சில பந்திகளைத் தாண்டிப் போகலாம்.

வெடித்தது மனைவி உஷாவின் கையிலிருந்த துவக்கு. ராஜன் தன் தேசத்தின் இரகசியங்களை ஜப்பானியருக்கு வானொலி மூலம் அனுப்பிக்கொண்டிருந்தவன். உஷாவோ சுதந்திர வேட்கையில் ஊறிய பெண். கெஞ்சிப் பார்க்கிறாள், அவன் மாறவில்லை. கணவனா தேசமா என்ற இடத்தில் அவள் கையில் ஆயுதம் இருக்கிறது.

படம் முடிந்ததும் எங்கள் வீட்டில் பெரிய வாக்குவாதம். முதலில் தொடங்கியவர் றேடியோக் கடைக்காரர். அவருக்கு ராஜன்மீது கோபமே வரவில்லை. தன் திறமையை இங்கே ஒருவரும் மதிக்கவில்லை, மதித்தவனிடம் போனேன் என்பதுதானே ராஜனின் வன்மம். "என்னட்டை வேலை பழகின பெடியளிலை மூளையுள்ளவன் ஒருத்தனும் இப்ப இஞ்சை இல்லை. ஒவ்வொருத்தனும் ஒவ்வொரு நாட்டிலை. இஞ்சை வைச்சிருந்து என்ன குடுத்தனாங்கள்?" என்றார். நாடு விட்டுப் போவதும் நாட்டைக் காட்டிக்கொடுப்பதும் ஒன்றல்ல என்று நான் சொன்னேன். அவர் ஒத்துக்கொண்டார். ஆனால் முதலாவதைச் செய்பவனின் மனத்தில் இரண்டாவதற்கு விதை இருக்கிறது என்றும், அந்த விதையைப் போட்டவர்களை எந்தப் படமும் விசாரணைக்குக் கூப்பிடுவதில்லை என்றும் சொன்னார். இதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. படத்திலும் இல்லை. ராஜனை நிராகரித்தவர்கள் திரையில் ஒரு வாக்குமூலமும் கொடுக்கவில்லை.

வரலாற்று ஆசிரியர் வேறு முனையில் பிடித்தார். 1943இல் சென்னையில் இருந்தது யாருடைய அரசு? வெள்ளைக்காரனுடையது. ராஜன் காட்டிக்கொடுத்தது யாருடைய இராணுவ இரகசியத்தை? அதே மாதம், 1943 ஒக்டோபர் 21ஆம் திகதி, சிங்கப்பூரில் சுபாஷ் சந்திர போஸ் சுதந்திர இந்தியாவின் தற்காலிக அரசைப் பிரகடனம் செய்தார். யாருடைய துணையோடு? ஜப்பானியரின் துணையோடு. மலாயாத் தோட்டங்களில் இருந்து தமிழர் எத்தனையோ பேர் அந்தப் படையிலே சேர்ந்தார்கள். சென்னையில் பிறந்த கப்டன் லக்ஷ்மி பெண்கள் படையணிக்குத் தலைமை தாங்கினார். அவர்கள் தேசபக்தர்கள் என்றால் பத்து நாள் முந்திச் செத்த ராஜன் மட்டும் எப்படித் துரோகி ஆனான்?

கெட்டித்தனமான கேள்வி. ராஜன் செய்தது கொள்கைக்காக அல்ல, தன் அகந்தைக்காக என்று ஒரு பதில் சொல்லலாம். குண்டு விழுவது வெள்ளைக்காரன் தலையில் அல்ல, தெருவில் போகும் சனத்தின் தலையில் என்று இன்னொரு பதில் சொல்லலாம். இரண்டுமே நியாயமானவை. ஆனால் ஆசிரியர் தொட்ட இடம் உண்மையான இடம். 'அந்த நாள்' 1954இல் எடுக்கப்பட்டது. சுதந்திரம் கிடைத்து ஏழு ஆண்டுகள்தான். தன் அரசு என்று ஒன்று வந்துவிட்ட பெருமிதத்தில், 1943க்கும் அந்தத் தேசத்தையே பின்னோக்கிப் பொருத்திப் பார்க்கிறது படம். விசாரிக்க வரும் பொலிஸ் அதிகாரிகளும் நம்மவர்களாக, நல்லவர்களாக இருக்கிறார்கள். 1943இல் உஷாவைப் போன்ற பிள்ளைகளை 'வெள்ளையனே வெளியேறு' போராட்டத்துக்காகச் சிறையில் தள்ளியது அதே பொலிஸ்தான். இந்த முரணைப் படம் பேசாமல் கடந்து போகிறது. இதை நான் ஒரு குறையாகவே காண்கிறேன். உத்தியில் இருபது ஆண்டு முன்னே போன பாலசந்தர், அரசியலில் தன் காலத்து ரசிகனுக்கு உவப்பானதையே கொடுத்தார்.

இந்த வாதம் நடந்துகொண்டிருந்த நேரமெல்லாம் பெரியம்மா பேசவில்லை. ஜப்பான்காரன் 1942 ஏப்ரலில், ஈஸ்டர் ஞாயிறன்று, கொழும்பில் குண்டு போட்டதையும், நாலாம் நாள் திருகோணமலையில் போட்டதையும் ஆசிரியர் இடையில் சொன்னபோது மட்டும், அப்போது கொழும்பில் உத்தியோகம் பார்த்த தன் தகப்பனார் ஊருக்கு ஓடிவந்த கதையைச் சொன்னார். பிறகு வெற்றிலைத் தட்டத்தை இழுத்து வைத்துக்கொண்டு, எவர் முகத்தையும் பாராமல் பேசினார்.

"அப்ப பாக்கேக்கை எனக்கு அந்தப் பெட்டை செய்தது பெரிய வீரமாத்தான் கிடந்தது. இப்ப 'துரோகி' எண்ட சொல்லைக் கேட்டாலே வயித்துக்குள்ளை ஏதோ செய்யுது. அவன் செய்தது பிழைதான். ஆனா கேக்கிறதுக்குக் கோடு கச்சேரி இருந்ததுதானே. சுட்டாப் பிறகுதானே எல்லாரும் வந்திருந்து விசாரிக்கினம்."

அந்தச் சொல்லுக்கு எங்கள் மண்ணில் என்ன கனம் என்பதை நேயர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மின்கம்பங்களில் கட்டி வைத்திருந்த உடல்களைக் கடந்து பள்ளிக்கூடம் போன பிள்ளைகள் இப்போது பேரப்பிள்ளை கண்டுவிட்டார்கள். பெரியம்மாவின் பேச்சுக்குப் பிறகு வாதம் ஓய்ந்துவிட்டது. பெறாமகள் மட்டும், "உஷா பொலிசிட்டைச் சொல்லியிருக்கலாம்" என்று மெதுவாகச் சொன்னாள். "எந்தப் பொலிசிட்டை?" என்று ஆசிரியர் கேட்டார்.

சிலப்பதிகாரத்தை முதலில் குறிப்பிட்டேன். அங்கும் ஒரு மனிதன் ஒரு சொல்லுக்காகக் கொல்லப்படுகிறான். அந்தச் சொல் 'கள்வன்'. விசாரணை இல்லை. தன் கணவன் கள்வனல்லன் என்று நிறுவுவதற்காக ஒரு மனைவி அரசவை ஏறுகிறாள். 'அந்த நாள்' படத்தின் மனைவியோ கணவன்மீதான குற்றச்சாட்டை அறிந்த ஒரே சாட்சி, நீதிபதி, தண்டனை கொடுப்பவள், மூன்றும் ஆகிவிடுகிறாள். இந்த மூன்று பாரமும் ஒரே தோளில் விழுந்தால் அந்தத் தோள் என்னவாகும் என்பதைப் பண்டரிபாய் கடைசிக் காட்சிகளில் முகத்தாலேயே காட்டியிருக்கிறார். திரைக்கதை அவளை வீராங்கனை ஆக்கப் பார்க்கிறது. நடிகையின் முகம் அதற்கு முழுமையாக இணங்கவில்லை. படத்தின் உயிர் அங்கேதான் இருக்கிறது என்று எனக்குப் படுகிறது. ராஷோமொனில் செத்தவனுக்கும் பேச ஓர் ஆவியுலகச் சாட்சிக்கூண்டு கிடைத்தது. ராஜனுக்கு அதுவும் இல்லை. அவனைப் பற்றி நமக்குத் தெரிந்ததெல்லாம் உயிரோடிருப்பவர்கள் சொன்னது.

முடிவைக் கேளாமல் வானொலியை மூடியவர்கள் இப்போது திறக்கலாம்.

பாலசந்தர் அதன் பிறகும் மர்மத்தை விடவில்லை. 1964இல் 'பொம்மை' எடுத்தார். குண்டு வைத்த பொம்மையொன்று கைமாறிக் கைமாறிப் போகும் கதை. ஹிட்ச்கொக் சொன்ன மேசைக்கடிக் குண்டு இங்கே நடந்து திரிகிறது. அதில் பாட்டுகள் உண்டு. யேசுதாசைத் தமிழுக்குக் கொண்டுவந்த படங்களில் அது முக்கியமானது. அகதா கிறிஸ்டியின் கதையைத் தழுவிய 'நடு இரவில்' 1970இல் வெளிவந்தது. அதிலும் பாட்டுகள் வந்துவிட்டன. வீணையைக் கையில் ஏந்திய மகா வித்துவான் ஒருவரே பாட்டில்லாத முதற் படத்தை எடுத்தார் என்பதும், அந்தத் துணிவை அவரால் திரும்பக் காட்ட முடியவில்லை என்பதும் யோசிக்கத்தக்கவை. அவர் காலமானது 1990 ஏப்ரல் 13ஆம் திகதி. 'அந்த நாள்' வெளியான அதே திகதி, முப்பத்தாறு ஆண்டு கழித்து. இதில் அர்த்தம் ஏதும் தேட வேண்டாம். மர்மக் கதைப் பிரியர்களுக்கு ஒரு தகவலாகச் சொன்னேன், அவ்வளவே.

மட்டக்களப்பு மண்ணில் பிறந்த பாலு மகேந்திரா 1988இல் 'வீடு' என்ற படத்தைப் பாட்டில்லாமல் எடுத்தபோதும், 1995இல் 'குருதிப்புனல்' பாட்டில்லாமல் வந்தபோதும் எவரும் எழுந்து போய்க் கூச்சலிட்டதாக நான் அறியவில்லை. அதற்குள் ரசிகர்கள் பழகிவிட்டார்கள். பழக்கியவர்களில் 'அந்த நாள்' பார்க்கப் போய் ஏமாந்த அந்த முதல் வாரத்து ரசிகர்களுக்கும் பங்குண்டு. நட்டம் அவர்களுடையது.

படத்தை இன்று கைத்தொலைபேசியிலேயே பார்க்கலாம். முதன்முறை பார்ப்பவர்கள் கதையின் போக்கில் போங்கள், கணக்குப் போடாதீர்கள். இரண்டாம் முறை பார்ப்பவர்கள் சிவாஜியைப் பார்க்க வேண்டாம். மற்றவர்கள் சாட்சி சொல்லிக்கொண்டிருக்கும்போதெல்லாம், அந்தக் கதைகளின் ஓரத்தில் பண்டரிபாய் எங்கே நிற்கிறார், எதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார் என்று மட்டும் பாருங்கள்.